பின்னணியில் சி அப்ஸலாம்

ஐயா, பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன உதவி. உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்கிறீர்களா? உங்களுக்குப் பின்னால் இருக்கிற தொப்பி மாட்டும் கம்பி, இங்கிருந்து பார்த்தால் உங்கள் தலையில் கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. தெத்துவானிலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரியைக் கொம்போடு பார்த்துக்கொண்டு நான் எப்படி ஒழுங்காகப் பேசுவது? சிரிப்பு வந்துவிடும். ஆ, அவ்வளவுதான். இப்போது ஆளே மாறிவிட்டீர்கள்.

கல்யாணப் படம் எடுக்கிற எனக்கு இதுதான் தொழில். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நான் முகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பேன். கழுத்தை வெட்டுகிற மாதிரி ஒரு கோடு போகக்கூடாது. காதிலிருந்து மின்கம்பம் கிளம்பக்கூடாது. ஆளைச் சுவரில் ஒட்டி நிறுத்தக்கூடாது, நடுவில் காற்று போக இடம் வேண்டும். பின்னணி சரியாக அமைந்துவிட்டால் ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அதுவும் மணப்பெண்தான்.

எங்கள் ஷாவன் ஊரில் பின்னணிக்குப் பஞ்சமா? சுவர் நீலம், கதவு நீலம், தரை நீலம். ரமலானுக்கு முன்னால் பெண்கள் சுண்ணாம்பில் நீலம் கரைத்துச் சந்து முழுக்க அடித்துவிடுவார்கள். அதிலும் எங்கள் சந்து தனி. மேலே ஒரு வளைவு, அங்கிருந்து ஊற்றுத் தொட்டி வரைக்கும் செங்குத்தாக இறங்குகிற படிகள், இரண்டு பக்கமும் நான் மாட்டிவைத்த பூந்தொட்டிகள். காலை வெயில் அதில் விழும்போது எனக்கு உண்மையாகவே தலை சுற்றும் ஐயா. ஒரு சொட்டு குடிக்காமல் வருகிற போதை அது.

அந்த வளைவுக்குக் கீழே, நட்டநடுவில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் அப்ஸலாம் பெரியவர், மரியாதையாக சி அப்ஸலாம்.

அவர் வீடு அங்கேதான், ஆகவே உட்கார உரிமை உண்டு. நான் மறுக்கவில்லை. பழுப்புக் கம்பளி ஜெல்லாபா அங்கி, மடியில் ரேடியோ, அதில் எப்போதும் கால்பந்து. கண் கிட்டத்தட்ட போய்விட்டது. காது மட்டும் பாம்புக் காது. நான் ஜோடியோடு வந்து நின்றால் போதும், மேலேயிருந்து குரல் வரும்.

"என்னடா முஃபத்தல், இன்னிக்கு எந்த ஊருப் பொண்ணு? நானும் தலை சீவிக்கிட்டு வரவா?"

"கொஞ்ச நேரம் உள்ள போய் உக்காருங்களேன், சி அப்ஸலாம்."

"எதுக்கு? ஊருல பாதி கல்யாணப் படத்துல நான்தான் இருக்கேன். எவனாவது கூப்பிட்டு ஒரு கோழிக் காலு வச்சானா? வச்சாச் சொல்லு, உள்ள போறேன்."

ஜோடி சிரித்துவிடும், நானும் சிரித்துவிடுவேன். நகைச்சுவையான மனிதர். ஆனால் படத்தில் அவர் பேசமாட்டாரே. படத்தில் மணப்பெண்ணின் தோளில் ஒரு பழுப்பு மூட்டை உட்கார்ந்திருக்கும். தாஞ்சியரிலிருந்து ஓர் அம்மாள் நேரே என் கடைக்கே வந்து சண்டை போட்டாள். "யாருய்யா இந்த ஆளு? 'இவரு உங்க வீட்டுச் சொந்தமா, ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க'ன்னு சம்பந்தியம்மா எம் பொண்ணைத் துளைச்சு எடுக்குறா!"

நான் நியாயமான ஆள். எல்லா வழியையும் பார்த்தேன். காப்பிக்கடைக்கு அனுப்பினேன், காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நாற்காலிக்கு நீலம் அடித்தேன், நாற்காலி மறைந்து அவர் மட்டும் அந்தரத்தில் மிதந்தார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றபோது ஒரு யோசனை வந்தது. மனிதர் பின்னணியிலிருந்து போகமாட்டார். சரி, அப்படியானால் அவரையே நல்ல பின்னணி ஆக்கிவிட்டால் என்ன?

பெருநாளுக்கு அவருக்கு ஒரு புது ஜெல்லாபா தைத்துக் கொடுத்தேன். மஞ்சள். நல்ல குங்குமப்பூ மஞ்சள். நீலத்துக்கு முன்னால் மஞ்சள் என்ன ஆட்டம் போடும் என்று தெரிந்தவன் நான். சந்தே என்னைப் புகழ்ந்தது. பள்ளிவாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். "எம் பிள்ளைங்ககூட ஒரு நூல் வாங்கித் தந்ததில்லடா. நீ நல்லா இருப்ப" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் பிரமாதமாக வந்தது. ஆனால் ஐயா, ஒரு குறை தீர்ந்தால்தானே அடுத்த குறை கண்ணில் படும். வெள்ளைக் கோடு.

எங்கள் சந்தின் பெண்கள் நீலம் அடிக்கும்போது, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் விரல் அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். வேறு எந்தச் சந்திலும் கிடையாது. அது சி அப்ஸலாமுக்காக. நீலம் அவருக்கு வெறும் புகை. அந்தப் புகையில் வெள்ளை மட்டும்தான் கோடாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் கால் வைப்பார். இந்த வழக்கத்தை ஆரம்பித்ததே என் மனைவி ரஹிமோ. நல்ல மனசு அவளுக்கு. ஆனால் கேமரா வழியாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? வழிந்து ஓடுகிற நீலத்தை யாரோ கத்தியால் நறுக்கி நறுக்கிப் போட்ட மாதிரி தெரிகிறது. அதை நீலமாக்கிவிட்டால் படி எது, சுவர் எது, வானம் எது என்றே தெரியாது. அந்த நினைப்பே எனக்குக் குறுகுறுவென்று இருந்தது. பல் விளக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டேன்.

அவர் சளி பிடித்து வீட்டுக்குள் படுத்திருந்தபோது நீல வாளியோடு உட்கார்ந்தேன். தங்கை வீட்டுக்குப் போக பஸ் பிடிக்கக் கிளம்பிய ரஹிமோ பார்த்துவிட்டாள்.

"ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா? அந்த மனுஷன் எதைப் பாத்து இறங்குவாரு?"

"நான் சொல்லிடுறேன்டி. கையப் பிடிச்சு எறக்கி விடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ போ, பஸ்ஸு போயிடப் போகுது."

அவள் போனாள். நான் கடைசிப் படி வரைக்கும் அடித்தேன். எழுந்து நின்று பார்த்தேன், ஐயா. அப்பா! மேலேயிருந்து கீழே வரை ஒரே நீலம். நானே ஒரு முறை தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், ஆபத்து என்று அப்போதே தெரியும். தெரியாது என்று நான் எங்கே சொன்னேன்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சி அப்ஸலாம் குணமாகி, மஞ்சள் ஜெல்லாபாவோடு நாற்காலிக்கு வந்துவிட்டார். என் வீட்டுக் கொல்லைப்புறக் கதவு அந்த வளைவுக்குத்தான் திறக்கும். அந்த வழியாக அவருக்கு ஒரு கிண்ணம் பிஸாராக் கஞ்சி கொண்டுபோனேன், மேலே நிறைய எண்ணெய் விட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கால்பந்து பேசினோம், அவர் மருமகளைத் திட்டினோம், அவரது இருமலைப் பற்றிப் பேசினோம். படியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. வராத பேச்சை எப்படி இழுப்பது?

அப்புறம் ரபாத்திலிருந்து ஒரு புது ஜோடி வந்தது. நான் கீழே இறங்கி, அவர்களை ஊற்றுத் தொட்டியையும் தாண்டி நிறுத்தினேன். படியிலிருந்து ஏன் அவ்வளவு தள்ளி என்று நேற்று கேட்டீர்கள். முதலிலேயே சொன்னேனே, ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவில் இடம் வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு கவனமானவன் நான்.

ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னார்கள். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்தார். "முஃபத்தல், வரியாடா தொழுகைக்கு?" என்று மேலேயிருந்து கூப்பிட்டார். "நீங்க வாங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். பொய்யில்லை. அங்கேதான் நின்றேன். அவர் பாதத்தை நீட்டி வெள்ளையைத் தேடினார். கொஞ்ச நேரம் தேடினார். பெண்கள் பூசிய கோடு அங்கேதான் இருக்கும் என்று நம்புகிற மனிதர், கண்தான் இன்னும் மங்கிவிட்டது போல என்று நினைத்திருப்பார். நான் ஜோடியிடம், "அசையாதீங்க, சிரிங்க" என்றேன்.

அந்த நீலம் முழுக்க மஞ்சள் விரிந்தது, ஐயா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சத்தம் பிறகுதான் வந்தது. தொட்டி அருகே வந்து விழுந்தபோது அவர் உயிர் போய்விட்டிருந்தது. நான்தான் முதலில் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதேன். ரஹிமோ ஊரிலிருந்து திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இது விபத்து என்றுதான் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பின்னணியைச் சரி செய்தேன், அவ்வளவுதான் என்று. ராத்திரி என்னை நானே கேட்டுப் பார்த்தபோதும் அதே பதில்தான் வந்தது. ஆனால் நீங்கள் அந்தப் படத்தைக் காட்டியபோது ரபாத் பெண் உங்களிடம் ஒரு புகார் சொன்னாளாமே, தன் முகமும் மாப்பிள்ளை முகமும் கலங்கலாக இருக்கிறது என்று. நியாயமான புகார். கேமராவை அதன் போக்கில் விட்டால் முகத்தைத்தான் பிடிக்கும். பின்னால் இருப்பது துல்லியமாக விழ வேண்டுமென்றால் லென்ஸைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். கையால்தான் வைத்தேன். அவர் ரேடியோவை அணைப்பதற்கு முன்பே குறியை மேல்படியில் வைத்துவிட்டு, விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்தேன். போதுமா? எழுதிக்கொண்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும். கேமராவை உங்கள் ஆட்கள் உடனே எடுத்துப்போய்விட்டார்கள், நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சொல்லுங்கள் ஐயா, வெள்ளை எங்கேயாவது எட்டிப் பார்க்கிறதா?