புது சிலிண்டர் ஏறிய ஏற்றம்

வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"புது சிலிண்டர் போட்ட அன்னைக்கே பொண்டாட்டிய தொலைச்சிட்டேன் மச்சான்."

"என்னடா சொல்ற?"

"நம்ம ஸ்கூட்டர் பழசு, அம்பது சிசி. ரெண்டு பேரோட எங்க வீட்டு ஏத்தத்துல ஏறாது. பதினஞ்சு வருசமா ஏத்தத்துக்குக் கீழ பேக்கரி கிட்ட நிப்பாட்டுவேன், அவ இறங்கி நடந்து வருவா. பாவமேன்னு எழுபது சிசி சிலிண்டர் செட்டு ஒன்னு வாங்கிப் போட்டேன்."

"ஏறுச்சா?"

"பறந்துச்சு! ஒரே மூச்சுல வீட்டு வாசல். 'பாத்தியா, ஒன்னைய வச்சுக்கிட்டே ஏறிருச்சு'ன்னு திரும்புறேன், பின்னால ஆளக் காணோம்."

"ஐயோ, விழுந்துட்டாங்களா?"

"விழல. பழக்கதோசத்துல நான் பேக்கரி கிட்ட நிப்பாட்டிட்டேன். பழக்கதோசத்துல அவளும் இறங்கிட்டா. புது செட்டு போட்ட சத்தத்துல எனக்கு ஒன்னும் தெரியல."

"சரி விடு, மெசின் நல்லா ஏறுதுல்ல?"

"அதத்தான் நானும் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா. இனி அந்த ஸ்கூட்டர்ல உக்காரவே மாட்டேன்னுட்டா. அதான் பஸ்ஸுல போறோம்."

என் பக்கத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"நான் இறங்கிட்டா பழைய சிலிண்டரும்தான் ஏறும். அதுக்கு எதுக்குங்க புதுசு?"