ஐந்து பேரிடம் கொடுத்த சாவி

கடலூர் மஞ்சக்குப்பம் அம்பலவாணர் கலை அறிவியல் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் துறைத் தலைவராக விளங்கி, 31.05.2012 அன்று பணி நிறைவு பெறும் முனைவர் ஜகதாம்பாள் அவர்களுக்கு, அன்போடும் அதைவிட அதிகமான வெட்கத்தோடும் வாசித்தளிக்கும் மடல்

எண்ணையும் எழுத்தையும் இணைத்து ஏடுகளுக்கெல்லாம் காவல் அமைத்த எங்கள் ஏற்றமிகு பேராசிரியரே! தில்லைக் கீழவீதியில் பிறந்து, திங்கள் முதல் சனி வரை கடலூர்ப் பேருந்தின் நெரிசலில் நின்றபடியே நிரூபணங்களை நெஞ்சில் நெய்த நெறியாளரே! கரும்பலகையையும் கணிப்பொறியையும் ஒருங்கே கட்டியாண்ட கலைச்செல்வியே! வணக்கம்.

இந்த இடத்தில் மண்டபம் கைதட்டும். தட்டி முடித்துவிடுங்கள். இதற்குப் பிறகு தட்டும்படியாக ஒன்றும் இல்லை.

இம்மடலை எழுதியவர் தமிழ்த்துறை ராமாமிர்தம். இக்கல்லூரியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் அவர் தலையில்தான் விழும், இது பதினான்காவது. மடலில் 'நான்' வரக்கூடாது என்பது அவர் விடாமல் காத்துவரும் மரபு. ஆகவே அவரைப் பற்றிச் சொல்லும்போதும் 'அவர்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமும் உண்டு.

அம்மையீர்! 2004இல், ஐம்பது வயதில், மறைகுறியியலில் முனைவர் பட்டம் பெற்றீர்கள். உரியவரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி எழுத்தைப் பூட்டி வைக்கும் கணிதம் அது. இரண்டே ஆண்டில் அதைக் கல்லூரிக்கும் பயன்படுத்தினீர்கள். தேர்வு வினாத்தாள் கணிப்பொறிக்குள் பூட்டப்படும். அதன் சாவியிலிருந்து கணக்கிட்ட ஐந்து எண்கள் ஐந்து ஆசிரியர்களிடம் இருக்கும். தேர்வு நாள் காலையில் அவர்களில் எவரேனும் மூவர் நேரில் வந்து தத்தம் எண்ணை இட்டால் பூட்டுத் திறக்கும். இருவர் வந்தால் ஒன்றும் நடக்காது. ஐவரில் ராமாமிர்தமும் ஒருவர்.

“ஏம்மா, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பத்தாதா?” என்று அவர் அப்போது கிண்டல் செய்தார்.

“ஒருத்தரையே நம்பினா அவருக்கும் பாரம் சார். அஞ்சு பேர நம்பினா யாருக்கும் பாரமில்ல,” என்றீர்கள்.

2008 நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீரப்பாளையத்தில் ராமாமிர்தம் வீட்டு வாசல் வரை தண்ணீர். மறுநாள் கணிதத் தேர்வு. பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு அலுவலக எழுத்தர் சடையப்பன் போன் செய்தார்.

“சார், மழ ஜாஸ்தியா இருக்கு. காலைல பஸ் ஓடுமோ ஓடாதோ. நீங்க ஏன் அலையறீங்க? அந்த நம்பர இப்பவே சொல்லிடுங்க, நானே போட்டுக்கறேன். கொளஞ்சியப்பன் சாரும் ஞானசேகரன் சாரும் சொல்லிட்டாங்க.”

ராமாமிர்தம் மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து, பதினாறு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னார். பொறுப்பான மனிதர்.

சடையப்பன் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். அதை யார் பார்த்தார், யார் திறந்தார் என்பது இன்றுவரை தெரியாது. விடிந்ததும் முதுநகர் ஜெராக்ஸ் கடையில் வினாத்தாள் கைமாறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ராமாமிர்தம் தேர்வு அலுவலகத்துக்குப் போனபோதும் அந்தத் தாள் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. உருவினார், கிழித்தார், குப்பைக்கூடையில் போட்டார்.

விசாரணைக் குழு சடையப்பனைக் கூப்பிடவே இல்லை. ஐவரிடமும் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் எண்ணை எவரிடமாவது சொன்னீர்களா? ஐவரும் ஒரே மாதிரி எழுதித் தர வேண்டுமாம். நல்ல தமிழில் யார் எழுதுவது? ராமாமிர்தம்தான். “எமக்களித்த எண்ணை எவரிடமும் எந்நாளும் இயம்பிலோம்.” மோனை தவறாத பொய். இருவருக்கு அது உண்மை. மூவர் தெரிந்தே கையெழுத்திட்டார்கள்.

சாவி வெளியே போகவில்லை என்றால் பூட்டுதான் ஓட்டை என்று குழு முடிவு கட்டியது. தங்கள் முறை கைவிடப்பட்டது. வினாத்தாள் மறுபடி அரக்கு வைத்த உறைக்குப் போனது. ஆய்வு வழிகாட்டும் தகுதியைப் பறித்தார்கள். தங்கள் ஆய்வு மாணவி காயத்ரி பாதி ஆய்வோடு வேறு ஊர் தேடிப் போனாள். தாங்கள் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் உடைந்திருப்போம்.

2010இல் ஒரு நாள் கேன்டீனில், நீள நோட்டு ஒன்றை விரித்துக்கொண்டு ராமாமிர்தத்தின் எதிரே உட்கார்ந்தீர்கள்.

“மூணாவது தடவையா எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன் சார். எங்க ஓட்டைன்னே தெரியல.”

“விட்டுடுங்கம்மா. எதுக்கு இன்னும்?”

“எப்படி விடறது? நீங்க அஞ்சு பேரும் பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப என் கணக்குலதான எங்கயோ தப்பு இருக்கணும்?”

ராமாமிர்தம் டீயைக் குடித்தார். ஆறிப்போன டீயைக் கொடுத்ததாகக் கடைக்காரரைத் திட்டிவிட்டு எழுந்து போனார்.

நிரூபணத்தைவிட எங்கள் வாய்ச்சொல்லைப் பெரிதாக நம்பினீர்கள், அம்மையீர். நாங்கள் சொன்ன ஒரு வரிக்காக நான்காண்டுகள், பதினோரு நோட்டுகள், இல்லாத தப்பைத் தேடினீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சம்பளம் வாங்கினோம், பதவி உயர்வும் வாங்கினோம்.

இன்று வாசிக்க ஒப்புதலான மடல் வேறு. “சிற்சில சோதனைகளையும் சிரித்த முகத்தோடு தாங்கினீர்” என்ற வரியை, அன்று இயற்பியல் ஆசிரியராக இருந்து இன்று முதல்வராகி இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஞானசேகரன் அவர்களே பச்சை மையில் சேர்த்தார். அந்த மடலை ராமாமிர்தம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அதிலும் மோனை நன்றாகவே இருந்தது.

ஆகவே இத்தனை பேர் நடுவில் சொல்கிறோம். பூட்டு உடையவில்லை. தங்கள் கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. தப்பு எங்கள் வாயில் இருந்தது. மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை என்பதால் கேட்கவில்லை.

நூறாண்டு நோயின்றி வாழ்க! தேடுவதை இன்றோடு நிறுத்தி, அந்தப் பதினோரு நோட்டுகளையும் மூடி வைத்து வாழ்க! காயத்ரிக்கு இன்றே போன் செய்து, கணக்கு சரிதான் என்று சொல்லி வாழ்க!

இம்மடலில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திடுவது வழக்கம். இதில் அந்த மூவருக்கு மட்டுமே இடம். இருவர் வந்தால் ஒன்றும் நடக்காது என்பது தாங்கள் வகுத்த விதி.

ராமாமிர்தம், தமிழ்த்துறை (ஒப்பம்)

கொளஞ்சியப்பன், வணிகவியல் துறை (ஒப்பம்)

………………………………

மூன்றாமவர் மேடையில்தான் இருக்கிறார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மடலுக்குச் சட்டம் போடக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் காத்திருக்கிறார்.