நான்காம் எண் வண்டியின் சாவி

மலைச் சாலையின் ஒவ்வொரு வளைவுக்கும் முகம் பழகியவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் வீட்டு நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே கவனத்தோடு சுமந்தவரே! மூட்டைக்குள் இருப்பது திருமண அழைப்பானாலும் நீதிமன்ற ஆணையானாலும் ஒரு துளி மழையிலும் நனையவிடாத மாண்பாளரே! இன்று பணி ஓய்வு பெறும், எங்கள் அஞ்சல் நிலையத்து நான்காம் எண் வண்டியின் ஓட்டுநரே, எங்கள் அன்பிற்குரிய கட்டை அண்ணனே! வணக்கம்.

‘கட்டை’ என்றதும் முன்வரிசையில் உங்கள் சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. அவர்களுக்காகச் சொல்கிறோம். உடைந்த முக்காலியின் காலைச் சாய்வாக அறுத்துச் செய்த மரக்கட்டை ஒன்று அண்ணனின் இருக்கைக்குக் கீழே எப்போதும் இருக்கும். வண்டி எங்கே நின்றாலும் முதலில் கட்டை இறங்கும்; சக்கரத்துக்கு அணையாகப் போய் உட்காரும்; பிறகுதான் தபால் மூட்டை இறங்கும். தொடக்கத்தில் நாங்கள் சிரித்தோம்.

“அண்ணே, கட்டைக்கும் ஒரு சீருடை தைச்சுடலாமா?” என்று எங்கள் பார்சல் எழுத்தர் கேட்டார்.

“தைச்சுக் குடு. இங்க என்னைவிட ஒழுங்கா வேலை பாக்குறது அது ஒண்ணுதான்” என்றீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் ஓட்டும் திறமையை நாங்கள் போற்ற வேண்டும். போற்றி எழுதியும் வைத்திருந்தோம். அழகான ஒரு பக்கம்! நேற்று அதைக் கிழித்துவிட்டோம். கிழித்ததற்கான காரணம்தான் இந்த மடல். மேடையிலுள்ள வட்ட அதிகாரி ஐயா அவர்களும் பொறுத்துக் கேட்க வேண்டும்.

நான்காம் எண் வண்டியின் பிரேக் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தளர்ந்துவிட்டது. நீங்கள் பழுதுப் பதிவேட்டில் எழுதினீர்கள். ஒரு நாள் இரு நாள் இல்லை, நூற்றுப் பதினான்கு நாள்! ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்ற ரப்பர் முத்திரை விழுந்தது. குத்திக் குத்தி அந்த முத்திரை தேய்ந்துபோனது. உடனே புதிய முத்திரை வந்தது. பிரேக் வரவில்லை.

அஞ்சல் துறையைக் கேட்டால், வண்டியின் பாதுகாப்பு போக்குவரத்துத் துறையின் பொறுப்பு என்றார்கள். போக்குவரத்துத் துறையைக் கேட்டால், வண்டி அஞ்சல் துறையின் சொத்து என்றார்கள். இரண்டு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்க் குழாய். கடிதத்தை வீடு தேடிக் கொடுப்பது அரசின் கடமை என்றால், அதைக் கொண்டுபோகிறவரை வீடு சேர்ப்பது யாருடைய கடமை? அந்தச் சாலையில் எதிரே நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த மாடி பொறுப்பு? இதற்குப் பதில் சொல்ல எந்த மேசைக்கும் நேரமில்லை!

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்கிறோம். இதுவரை வெளியே சொன்னதில்லை.

சென்ற ஆண்டு, உங்கள் மகள் திருமணத்துக்காக நீங்கள் விடுப்பில் இருந்தபோது, வண்டிச் சோதனைக்கு ஆய்வாளர் வந்தார். வண்டியைக் கழுவி வாசல் சரிவில் நிறுத்தினோம். உங்களிடம் பழகிய பழக்கம், கை தானாகவே பின்சக்கரத்துக்குக் கட்டையை வைத்துவிட்டது. ஆய்வாளருக்கு அவசரம். உள்ளே ஏறி உட்கார்ந்தார், பிரேக்கை ஒரு மிதி மிதித்தார், சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வண்டி சரிவில் அசையாமல் நின்றது. ‘பிரேக் திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பிய பிறகே நாங்கள் கட்டையைப் பார்த்தோம். பார்த்தும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை. யார் மாட்டிக்கொள்வது என்ற பயம்.

நீங்கள் திரும்பி வந்து அந்தத் தாளைப் படித்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று பதுங்கி நின்றோம். “நல்லது. கட்டைக்கு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிருக்காங்க” என்று மட்டும் சொன்னீர்கள். அன்றைக்குச் சிரித்தோம் அண்ணே. அந்தச் சிரிப்பு நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

மழை பிடித்த ஒரு காலையில், மலைச் சாலையில் இறங்கும்போது, இரண்டாவது வளைவில் எத்தனை மிதித்தும் பிரேக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பார்சல் எழுத்தர்.

“கண்ணை மூடிக்கடான்னாரு, மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா சன்னல் பூரா ஜல்லி. ‘உயிரோட இருக்கியாடா?’ன்னாரு. ‘தெரியலண்ணே, நீங்களே பாத்துச் சொல்லுங்க’ன்னேன்” என்று அவர் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். சாலை போட ஓரத்தில் குவித்திருந்த ஜல்லி மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தியிருந்தீர்கள். கீழே அடுத்த வளைவில் பள்ளி வாசல். மணி எட்டே முக்கால்.

அதற்கு அரசு தந்த பரிசு என்ன? தபால் மூன்று மணி நேரம் தாமதம், முகப்புத் தகடு சேதம், சான்று பெற்ற வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டினீர்கள், விளக்கம் தருக என்று ஒரு குறிப்பாணை. அந்த ஆணை பதிவுத் தபாலில் வந்தது. உங்கள் வண்டியில்தான் வந்தது! உங்கள் மேல் சுமத்திய குற்றத்தை நீங்களே மலை ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து, நீங்களே கையெழுத்திட்டு வாங்கினீர்கள். இரண்டே வரியில் பதில் எழுதினீர்கள்: ‘பிரேக் பிடிக்கவில்லை. ஜல்லி பிடித்தது.’

முகப்புத் தகட்டை நிமிர்த்தினார்கள். பளபளவென்று சிவப்பு வண்ணம் பூசினார்கள். பிரேக்கைத் தொடவில்லை, அதற்குத்தான் சான்று இருக்கிறதே! உங்கள் பணிப் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. எந்தக் கவனத்தின் தயவில் இத்தனை பேர் வீடு திரும்பினோமோ, அந்தக் கவனத்துக்கு இந்தப் பெயர்!

நாளை முதல் அந்த வண்டி எங்கள் புதிய தங்கையின் கைக்கு வருகிறது. சென்ற வாரம்வரை பள்ளி வேன் ஓட்டியவர், இரண்டு குழந்தைகளின் தாய். நேற்று மதியம் உங்களிடம் அவர் கேட்டதைத் தபால் பிரிக்கும் அறையே கேட்டது.

“அண்ணா, இந்த பிரேக்கை எத்தனை தடவை மிதிச்சா பிடிக்கும்? எந்த கியர்ல இறங்கணும்? சொல்லிக் குடுத்துட்டுப் போங்கண்ணா.”

சாவியை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

“சொல்லித் தர மாட்டேம்மா. சொல்லிக் குடுத்தா இது இப்படித்தான் இருக்கும்னு ஆயிடும். மூணு வருஷமா நான் சமாளிச்சேன் பாரு, அந்தச் சாமர்த்தியம்தான் அவங்களுக்கு சாக்கு. நீ சமாளிக்காதே.”

அப்போதுதான் அந்த அழகான பக்கத்தைக் கிழித்தோம். உங்கள் திறமையைப் பாராட்டிப் பாராட்டியே அந்த வண்டியை நாங்களும் ஓடவிட்டோம். இனிப் பாராட்ட மாட்டோம். உங்கள் திறமையைவிட நீங்கள் சொல்லித்தர மறுத்தது பெரிது. இந்த மடல் அந்த மறுப்புக்கு!

வட்ட அதிகாரி ஐயா, இந்த மடலைப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மடலுக்குக் கீழே, கறுப்பு நூலில் கட்டித் தொங்குவது நான்காம் எண் வண்டியின் சாவி. மாற்றுச் சாவி தொலைந்து ஏழு ஆண்டாகிறது. வேறொன்று கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. உங்கள் அலுவலகத்தின் தாமதத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொல்கிறோம். மக்களின் தபால் ஒரு நாளும் நிற்காது. பிரேக் சரியாகும்வரை இரண்டாம் எண் வண்டி இருமுறை மலையேறும், அதற்கான கூடுதல் வேலையை நாங்கள் பகிர்ந்துகொண்டோம்.

சட்டத்தை உடைக்க வேண்டியதில்லை. பின்புறம் நான்கு திருகுகள் இருக்கின்றன; திருப்புளி உங்கள் முன்னுள்ள மேசைமேல் இருக்கிறது. அதன் அருகிலேயே, கட்டை வைத்தது நாங்கள்தான் என்று அனைவரும் கையொப்பமிட்ட வாக்குமூலமும் இருக்கிறது. அண்ணனின் பதிவேட்டிலுள்ள அந்த ஒரு சொல்லை அடிக்க அது போதும். பிரேக்கைப் பழுது பாருங்கள். பிறகு கட்டையை எடுத்துவிட்டு, எங்கள் தங்கை ஓட்ட, அவருக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள் அமர்ந்து மலைச் சாலையில் இறங்குங்கள். கீழே வந்ததும் சான்றில் கையெழுத்திடுங்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன நிமிடமே திருகைக் கழற்றிச் சாவியைத் தருகிறோம். இப்போது கைதட்ட வேண்டாம் ஐயா.

அண்ணியாரே! தினமும் காலையில் மலை இறங்கியதும் அண்ணன் வீட்டுத் தொலைபேசிக்கு ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். “அந்த மணி வந்தாத்தான் எனக்குக் காபி தொண்டையில எறங்கும்” என்று ஒருமுறை சொன்னீர்கள். அண்ணன் எங்களுக்காகச் சாலையில் இருந்த அத்தனை காலையும் நீங்கள் ஆறிய காபியோடு இருந்தீர்கள். அந்தக் காலைகளைத் திருப்பித் தர எங்களால் இயலாது. வெட்கத்தோடு வணங்குகிறோம்.

அன்பு அண்ணனே! இந்தச் சட்டத்தை இன்று உங்கள் கையில் தரப்போவதில்லை. பார்த்துவிட்டு இங்கேயே விட்டுச் செல்லுங்கள். எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும். சாவி வெளியே வந்த பிறகு, அது தொங்கிய வெற்றிடத்தோடு உங்கள் வீட்டுக்கு நாங்களே தூக்கி வருவோம். நாங்கள் தூக்கி வருவதற்கு முன்பே, அந்த வண்டி மலை இறங்கிய காலையில், உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒரே ஒரு மணி அடித்து நிற்கும். எடுக்க வேண்டாம். அடித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காபியும், அதற்குப் பின் வரும் ஆயிரமாயிரம் காலைக் காபிகளும் ஆறாமல் இருவரும் சேர்ந்து பருகி, நோயின்றி, கவலையின்றி, நூறாண்டு கடந்து வாழ்க! வாழ்க!

இங்ஙனம்,
கட்டையை வைத்த கைகளுக்குரிய
முன்மேசை ஊழியர்கள், தபால் பிரிப்போர், தபால்காரர்கள்,
கண்ணைத் திறந்துவிட்ட பார்சல் எழுத்தர்,
மற்றும், சமாளிக்கப் போவதில்லை என்ற உறுதியுடன்,
நான்காம் எண் வண்டியின் புதிய ஓட்டுநர்.