பையில் இருந்த லினக்ஸ்

திருச்சுழி பஸ்ஸில் பின்சீட்டில் நான். பக்கத்தில் வெள்ளரிக்காய் மூட்டையோடு ஒரு அம்மா. எங்களுக்கு முன்னால் பாளையம்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவர் போனில், ஸ்பீக்கரில், கடையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி.

"ஏங்க, கம்ப்யூட்டரு எந்திரிக்க மாட்டேங்குது. ரூட் டிஸ்க்கைக் காணோம்னு எழுதிக் காட்டுது."

"வெளிய மாட்டுன டிஸ்க்குலதான கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸே இருக்கு. அதக் கழட்டி வேற ஓட்டையில சொருகு."

"டிஸ்க்கு எங்க?"

"கண்ணைத் தொறந்து பாரு."

"வயரு மட்டும்தான் தொங்குது."

அவர் மடியிலிருந்த பையைத் தடவிப் பார்த்தார்.

"அதுல உள்ள படத்த மச்சான் வீட்டுல பாக்கலாம்னு நாந்தான் எடுத்தாந்துட்டேன்."

"மூளைய மட்டும் பத்திரமா இங்கேயே வச்சுட்டுப் போயிட்டீக."

மூட்டைக்கார அம்மா சிரித்துவிட்டார். போனில் மனைவி விடவில்லை.

"பிள்ளைக பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்து நிக்குதுக, இன்னைக்குத்தான் கடைசி நாளு. அஞ்சு மணிக்கு வெப்சைட்ட மூடிருவாக."

"கண்டக்டரண்ணே, நிறுத்துங்க, எறங்கிக்கிறேன். ஏம்மா, கடையில எத்தன பேரு நிக்கிறாக?"

"பதினாலு."