மண்டித் தராசு

– வேனை விட்டு எறங்குட்டி அபி. ஒரே சொல்லுதான். எறங்கு.

– எக்கா, அவ கையை விடு. டீம் பிள்ளைகள்லாம் பாக்காவ. ஆலங்குளத்துல ஒம்பது மணிக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்சன். போயிட்டு வந்த பிறவு சண்டை போடு.

– பாக்கட்டும். குத்துக்கல்வலசை பூராம் கேக்கட்டும். ஏலே முத்துச்செல்வம், நேத்து எம்மக குழாயடியில மயங்கி விழுந்தா. ரெண்டு மணி நேரம் டிரிப்ஸ் ஏறுச்சு. நாடி கம்மியா துடிக்கு, உடனே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரம்மா சீட்டு எழுதித் தந்திருக்காவ. நீ கோச்சுன்னு கபடி ஆட வேன்ல ஏத்துத. தாய்மாமனாலே நீ?

– தண்ணி குடிக்காம நின்னிருப்பா. போலீஸ் டிரெயினிங்ல நான் விழாத விழுகையா?

– நாப்பது கிலோதான் இருக்கான்னு எழுதியிருக்காவ. பதினாறு வயசுக்காரி. நாப்பது!

– எந்தக் கூமுட்ட நிறுத்தான்? போன ஞாயித்துக்கெழமை நான் நிறுத்தேன். நாப்பத்தாறு. நல்லாக் கேட்டுக்க, நாப்பத்தாறு. புளியங்குடி எலுமிச்சை மண்டியில இருந்து கொண்டு வந்த தராசு. ஒத்தப் பழம் கூடுனாலும் காட்டிக் கொடுத்துரும்.

– தராசுன்னு பேசாதல, எனக்குப் பத்திக்கிட்டு வருது. இந்த எழவை ஆரம்பிச்சதே நீதான். தை மாசம், 'நாப்பத்தாறு கிலோ மேட்ச், பிள்ள நாலு கிலோ கொறைக்கணும்'னு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னது யாரு? ராத்திரிச் சோத்தை நிப்பாட்டுனது யாரு? எச்சியைத் துப்பித் துப்பி எடையைக் கொறைன்னு சொல்லிக் கொடுத்தது யாரு?

– எல்லா டீமும் பண்ணுததுதான். கப்பு வந்துச்சா இல்லியா? நாலு கிலோன்னேன், கொறைச்சா. 'போதும், இதுக்குக் கீழ எறங்காத'ன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஏட்டி அபி, சொன்னனா இல்லியா?

– சொன்னீங்க மாமா.

– கேட்டுக்க. கப்போட வந்தன்னைக்கு, 'எம்மக இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கா'ன்னு தெருப்பூராம் ஜாங்கிரி கொடுத்தது யாரு? அதை ஏன்க்கா முழுங்குத?

– சொன்னேன். அந்த வாயைத் தைக்கணும். பிறவு மூணு வாட்டி அவ சுடிதாரை என் மிஷின்லயே பிடிச்சுத் தச்சேன். பிள்ள தேயுதான்னு தோணல, துணி நெகிழ்ந்துட்டுன்னு நெனச்சேன். டிபன் பாக்ஸ் காலியா வருது, தின்னுட்டான்னு நெனச்சேன். நேத்துத்தான் கூட ஆடுத நஸீபா சொல்லுதா. ஐந்தருவி ரோட்டுல ஓடப் போகையில இவ இட்லியைப் பூராம் குரங்குக்கு எறியுதாளாம்.

– ஒண்ணு ரெண்டுதாம்மா.

– பொய் சொல்லாதட்டி. ஒன்னைக் கண்டாலே குரங்கெல்லாம் மரத்தை விட்டு எறங்கிருதாம்.

– குரங்குக்கு இட்லி போட்டா சீக்காளியா? நெசத்தைச் சொல்லுக்கா. அவ ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போறது ஒனக்குப் பிடிக்கல. வீட்டுல வச்சு தையல் மிஷின் மிதிக்க விடணும், அதான?

– அட பாவி. டாக்டரம்மா சொன்னதைக் கேளு. இது பசிக்காத சீக்கு இல்லையாம். பசிக்குமாம், ஆனா திங்கப் பயமாம். கண்ணாடியில பாத்தா எலும்பு தெரியாதாம், சதைதான் தெரியுமாம். இப்படியே விட்டா நெஞ்சு நின்னுரும்னுட்டாவ. எனக்குப் பயமா இருக்குல முத்து.

– அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரது. இவ கால்ல மணல் பை கெட்டிட்டு மூணு மைல் ஓடுதவ. ஒத்தக் காலுக்கு மூணு கிலோ. பையைத் தச்சுத் தந்ததே நீதான. சீக்காளி ஓடுவாளா?

– பாத்தா தெரியலையாலே? மத்த பிள்ளையெல்லாம் டவுசர்ல நிக்காவ, இவ மட்டும் தொளதொளன்னு ஒரு பேண்ட்டுக்குள்ள நிக்கா.

– சாரல் அடிக்குதுல்லாம்மா. குளிருது.

– கேட்டியா? எக்கா, வெட்டிப் பேச்சு வேண்டாம். தராசு இந்தா வேனுக்குப் பின்னாலதான் கெடக்கு. எல்லார் முன்னாலயும் நிறுத்துருவோம். நாப்பது காட்டுனா நானே ஒங்கூட திருநெல்வேலிக்கு வருதேன், இனிமே கபடின்னு பேச மாட்டேன். நாப்பத்தாறு காட்டுனா நீ வாயை மூடிட்டு வீட்டுக்குப் போகணும்.

– சம்மதம். இப்பவே நிறு.

– எறங்கி வந்து தராசுல ஏறுட்டி அபி.

– வேண்டாம் மாமா. நேரமாச்சு, போவோம்.

– ஏறுங்கேன்! அசையாம நில்லு. ம்... பாரு. நல்லாக் குனிஞ்சு பாருக்கா. எவ்வளவு?

– நாப்பத்தாறு.

– சத்தமாச் சொல்லு. ஊரைக் கூட்டுனேல்ல.

– நாப்பத்தாறு. எப்படில? நேத்து எங்கண்ணால பாத்தேனே.

– பொட்டப்பிள்ள முன்னேறுதது ஒனக்குப் பொறுக்கல. பெத்தவளா நீ? என்னையக் கேட்டேல்லா, இப்ப நான் கேக்கேன். பெத்தவளா நீ?

– எனக்குத்தான் புத்தி பிசகிட்டு போல. ஆஸ்பத்திரி தராசுலதான் கோளாறோ என்னமோ. சரி. போயி ஜெயிச்சுட்டு வாட்டி. ஒன்னை இத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டேன். அம்மாவை மன்னிச்சுக்க.

– அப்படி வா வழிக்கு. வேனை ஸ்டார்ட் பண்ணுங்கடே! அபி, தராசை விட்டு எறங்கு.

– அம்மா, போவாத.

– இன்னும் என்னட்டி?

– பேண்ட்டுக்குள்ள ரெண்டு கால்லயும் மணல் பை கெட்டியிருக்கேன். நீயே அவுத்துவிடும்மா... குனிஞ்சா எனக்குக் கண்ணு இருட்டுது.