தக்கை அடிக்க இரண்டு பேர்

வீட்டில் காய்ச்சும் பீருக்கு நான் தகர மூடி போடுவதில்லை, ஐயா. தக்கைதான். தகர மூடியில் தப்பொன்றும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அந்தச் சீக்கிரம்தான் எனக்குப் பிடிக்காது. தக்கை என்றால் முதலில் வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். ஒருவர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கருவியின் கைப்பிடியை அழுத்தித் தக்கையை இறக்க வேண்டும். பிறகு தக்கை எகிறாமல் இருக்க அதன் மேல் கம்பிக் கூட்டை மாட்டி முறுக்க வேண்டும். என் கருவி பழையது. தனி ஆளுக்கு அது படியாது.

பாட்டிலைப் பிடிப்பவன் ஓடீல். போப்பரிங்கே ஊர்ப் பக்கத்தில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அந்தக் கொடி படரக் கட்டிய கம்பி ஒன்று அறுந்து அடித்ததில் இளமையிலேயே இடது கண் போய்விட்டது. நான் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி இர்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை மதியம் ஓடீல் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் ரொட்டிக்கடைக்காரியிடம் சொல்லும் இரண்டு வார்த்தையோடு சரி. சில வெள்ளிக்கிழமைகளில் பேச வாயெடுத்தால் தொண்டை கரகரக்கும்.

"ரெமி, உன் பீரைக் குடிச்சா செத்தவன்கூட எந்திரிச்சு ஏப்பம் விடுவான்டா" என்பான். பதினோரு வருடமாக அதையே சொல்வான். எனக்கு அலுக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காகிதத்தில் சுற்றிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பிரித்தேன். தகர மூடி அடிக்கும் கருவி, புதிது.

"ஒத்த ஆளே அடிச்சிடலாம்டா" என்றான். "இனிமே உனக்கு என் முட்டி வேணாம்."

அப்புறம்தான் ஆலிடாவைப் பற்றிச் சொன்னான். கடலோர ஊரான ஆஸ்டெண்டில் இறால் விற்கும் விதவை. ஈஸ்டர் முடிந்ததும் அங்கேயே போய்விடப் போகிறானாம்.

"ஏன்டா மூஞ்சி இப்பிடிப் போகுது? கடல் என்ன சந்திரனிலயா இருக்கு? பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம்."

"நல்லதுதானே" என்றேன். உண்மையிலேயே நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். அவன் போன பிறகு அந்தக் கருவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் ஒரே ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்தேன். ஷாம்பெயின் பாட்டில், கனமான கண்ணாடி. கண்ணாடி வெடித்தால் முகமெல்லாம் கிழியும். அது எனக்கு வேண்டாம். பாட்டிலுக்குள் வாயு ஏற வழக்கமாக ஒரு சிறு கரண்டி சர்க்கரை போடுவேன். இதற்கு நான்கு போட்டேன். அடுப்புக்குப் பின்னால், கதகதப்பான இடத்தில், ஆறு வாரம் வைத்திருந்தேன். தக்கையை நான் தனியாகத்தான் இறக்கினேன். அரை மணி நேரம் ஆயிற்று, கையில் காயமாயிற்று. ஆனால் முடிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவன் விடைபெற வந்தான். நான் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே எடுத்து வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"கம்பி சிக்கிக்கிச்சு, எனக்குச் சரியாத் தெரியல" என்றேன். "கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாரேன்."

"ரெண்டு கண்ணு வெச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணனைக் கூப்பிடுறான் பாரு" என்று சிரித்தபடி வாங்கினான். குனிந்து பார்த்தான். முறுக்கைப் பிரித்தான்.

தக்கை எகிறிய சத்தம் பெரிதாக இல்லை.

மருத்துவமனையில் அவன் என் கையைத்தான் தேடிப் பிடித்தான். "அழாதடா, நீ என்ன பண்ணுவ" என்றான். நான் அழுதது உண்மை, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலிடா ஒருமுறை வந்தாள். வாட்டசாட்டமான, சத்தமாகப் பேசும் பெண். "கண்ணு போனா என்ன, இறால் உரிக்கக் கை இருக்குல்ல? வா" என்றாள். நல்ல மனுஷி. ஆனால் அந்த வாரமே அவளுடைய அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அவனை அழைத்துப்போக ஆலிடா ஊரை விட்டு நகர முடியாமல் போயிற்று. ஓடீலை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இர்மாவின் கட்டிலைக் கொடுத்தேன். ஆலிடா கடிதம் போட்டாள். நான் படித்துக் காட்டினேன்.

முதல் கடிதத்தை அப்படியே படித்தேன். இரண்டாவதில், "நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாவதில் அக்காவின் நோயைக் கொஞ்சம் நீட்டினேன். ஐந்தாவதில் அவள் களைத்துப் போயிருந்தாள். ஏழாவதில், நீ அங்கேயே இருப்பதுதான் நமக்கு நல்லது என்று சொல்லிவிட்டாள். அவன் சில கடிதங்களை மறுபடி படிக்கச் சொல்வான். வார்த்தை மாறிவிடக் கூடாதே என்று, படித்ததாகச் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி வைத்தேன். இழுப்பறையில் நீங்கள் எடுத்தவை அவைதான். அவன் சொல்லச் சொல்ல பதில்களும் நான்தான் எழுதினேன். அவற்றில் அவன் சொன்னது அதிகம் இல்லை.

ஏழாவது கடிதத்துக்குப் பிறகு அவன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சூப் வைத்து ஊட்டினேன். அந்த மாதங்களில் நாங்கள் தினமும் பேசினோம். ஒரு நாள்கூட விடாமல்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் வாசலில் நின்றாள். கையில் என் எழுத்தில் இருந்த கடிதங்கள்.

"ஓடீலு, வராதேன்னு எழுதினியே. அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லு, போயிடறேன்."

அவன் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டான். "நான் எப்ப எழுதினேன்? நீதானே என்னை வேணாம்னுட்ட?"

ஆலிடா கடிதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் முகம் நான் இருந்த பக்கம் திரும்பியது.

"ரெமி, அந்த பாட்டிலும் நீதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் அத்தனை மாதத்தில் அவன் என்னிடம் மனசாரக் கேட்ட கேள்வி அது. "நாலு கரண்டி போட்டேன்" என்றேன்.

அவன் கோட்டைக் கேட்டான். ஆலிடா மாட்டிவிட்டாள். பத்து மணி பஸ்ஸில் போனார்கள்.  கோபம் அவனுக்குச் சட்டென்று வரும், தணியவும் தணியும். மறுநாள் உங்கள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை, ஐயா. காலை பஸ் வருவதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் திரும்பி வந்தால் பூட்டிய கதவைத் தடவிக்கொண்டு தெருவில் நிற்பான். பாவம், கண் தெரியாதவன், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.