ரக்ஷனாவின் உள்ளங்கால்

ரித்திக், உன் அக்கா ரக்ஷனாவின் போன் பேட்டரி இரண்டு மணி நேரம்கூட நிற்காது. அதை யாராவது சார்ஜ் போட்டுத் திறந்து பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. "அத்தான், பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட்டை ரெண்டு தடவை கேன்சல் பண்ணியிருக்கு. யாரு?" என்று நேற்று கேட்டாய். நான்தான். ஏன் என்றும் கேட்டாய். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

என் ஆராய்ச்சியை நீ 'மீன் முட்டை பார்க்கிற வேலை' என்பாய். சரிதான். கடுகளவு மீன் கரு. அதன் முதுகு நெடுக, நரம்புத்தண்டு உருவாகும் இடத்தில், நரம்பு முகடு செல்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் அவை தங்குவதில்லை. கிளம்பி உடம்பெல்லாம் போகின்றன. ஒன்று தாடை எலும்பாகும், ஒன்று குடலில் நரம்பாகும், ஒன்று தோலுக்கு நிறம் கொடுக்கும். எது என்னவாகும் என்பது கிளம்பும் முன்பே முடிவாகிறதா, வழியில் அக்கம்பக்கத்துச் செல்கள் சொல்வதைக் கேட்டு முடிவாகிறதா? பன்னிரண்டு வயதிலேயே பரீட்சை வைத்து, யார் எந்தப் படிப்புக்கு என்று பிள்ளைகளைப் பிரித்துவிடும் இந்த ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

ரக்ஷனாவின் இடது உள்ளங்காலில் ஒரு மச்சம். ஃபேரர் பார்க் கடையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே உன் அம்மா சொன்னார்: "உள்ளங்கால்ல மச்சம்னா வெளிநாட்டு யோகம்டி. பாரு, மெல்பர்ன் வந்துருச்சு." எனக்கு அங்கே வேலை கிடைத்த வாரம் அது. முந்தைய தீபாவளிக்கு அந்த மச்சம் பாதி அளவுதான் இருந்தது. நான் சொல்லவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

நிறம் கொடுக்கும் செல்லுக்குச் சில சமயம் பழைய புத்தி திரும்பும். கருவில் பயணம் போனது ஞாபகம் வந்ததுபோல மறுபடி கிளம்பிவிடும். அதைப் புற்றுநோய் என்கிறோம். நம் நிறத்தவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

மச்சத்தைக் காட்ட அவளே அரசு பாலிகிளினிக்கில் தேதி வாங்கினாள். அதே வாரம் விசா படிவம் வந்தது. 'ஏதேனும் மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுத எனக்கு வராது. அதனால் அவள் போனிலிருந்தே பரிசோதனையை ரத்து செய்துவிட்டு, 'இல்லை' என்று எழுதினேன்.

"கிளினிக்ல தேதியைத் தள்ளிட்டாங்களாம்," என்றேன்.

"எப்பவும் இப்படித்தான் லா. நீங்களே பாருங்க. டாக்டர்தானே?"

"மீனுக்கு."

"அப்ப என்னை மீன்னு நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் புக்கிட் பாஞ்சாங் வீட்டுச் சன்னலோரம் காலை நீட்டுவாள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பேன். வேண்டுமென்றே விரல்களை ஆட்டுவாள்.

"என்ன, என் காலுக்கு மாடலிங் சான்ஸா?"

"ஆட்டாதே. ஃபோகஸ் போகுது."

நான் அவளை அப்படிக் கவனித்துக்கொள்வதாக உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அது உண்மை. அவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை.

நான்காவது வாரம் விசா வந்தது, இருவருக்கும். அவள் மறுபடி தேதி வாங்கினாள். அதையும் ரத்து செய்தேன்.

உன் கேள்வி உண்மையில் இதைப் பற்றித்தான். விசாதான் வந்துவிட்டதே, பிறகு ஏன்? ஆறு வருடமாக இந்தச் செல்களை மீனில் பார்த்தேன், கோழியில் பார்த்தேன். ஒரு மனித உடம்பில், மருந்தோ கத்தியோ படாமல், அவை மறுபடி கிளம்புவதை வாரம் தவறாமல் படமெடுத்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எடுக்க விடவும் மாட்டார்கள். என்னிடம் நான்கு படங்கள் இருந்தன. நான்கை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

பதினோராவது வாரம் மச்சத்தின் விளிம்பு உடைந்து ரத்தம் கசிந்தது. அன்றே டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அழைத்துப் போனவன் நான்தான் என்பதை உங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதற்குள் அந்தச் செல்கள் நுரையீரல்வரை போயிருந்தன. ஐந்து மாதம் இருந்தாள்.

மார்ச்சில் மெல்பர்னில் என் முதல் உரை. பதினோரு படங்களையும் வரிசையாகக் காட்டப்போகிறேன். உன் அம்மாவிடம் சொல், கவலைப்பட ஒன்றுமில்லை. எதிலும் அவள் முகம் தெரியாது. மனைவியின் அந்தரங்கத்தை மதிப்பவன் நான்.